நன்றி சொன்னவரும் குறை சொன்னவரும்



சென்ற பங்குத் திருவிழாவிற்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர்களுள் செவிலிப் பணி புரியும் மகள் ஒருத்தியும் இருந்தாள். ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன், இதே பங்கில் நாம் உதவிக் குருவாக இருந்த காலத்தில், நம் கையால் புதுநன்மை வாங்கியவள். இன்று இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் பணியாற்றுகிறாள். தேர்ப்பவனி முடிந்த மறுநாள் மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியராகிய தன் தந்தையுடன் பங்கு இல்லத்திற்கு வந்தாள். நலம் விசாரித்த பின், "வேலையெல்லாம் எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டோம். அவள் உடனே விடை கூறவில்லை. தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

பிறகு ஓர் இரவின் கதையைச் சொன்னாள். 2025 சனவரி மாதக் கடுங்குளிரில் எண்பது வயது கடந்த முதியவர் ஒருவரை அவள் பிரிவிற்குக் கொண்டு வந்தார்கள். வார்டில் படுக்கை காலியில்லை. நடைவழியில், சுவரோரமாக, ஸ்ட்ரெச்சரிலேயே பதினாறு மணி நேரம் கிடந்தார். போவோர் வருவோரெல்லாம் அவரைக் கடந்தே சென்றனர். சிறுநீர் கழிக்க வேண்டிய போதெல்லாம் இவளும் மற்றொருத்தியும் போர்வையை விரித்துப் பிடித்து மறைத்தார்கள். மறுநாள் படுக்கை கிடைத்து அவரைத் தள்ளிச் செல்லும்போது, முதியவர் இவளுடைய கையைத் தம் இரு கைகளாலும் பற்றி, "மிக நன்றாகப் பார்த்துக்கொண்டாய் மகளே, எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றாராம்.

அந்த ஆண்டு ஏப்ரலில் நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. தேசிய சுகாதாரச் சேவையைப் பற்றி மனநிறைவு கொண்டிருப்போர், பிரித்தானிய மக்களுள் நூற்றுக்கு இருபத்தொருவரே என்று ஆய்வு ஒன்று கூறியது. அதைப் படித்த நாள் முதல் தன் மனத்தில் ஒரு கேள்வி முள்ளாய்த் தைத்திருப்பதாக அவள் சொன்னாள். "சுவாமி, கையைப் பிடித்து நன்றி சொன்னவர் பொய் சொன்னாரா? அல்லது ஆய்வில் குறை சொன்னவர்கள் பொய் சொன்னார்களா? யாரை நம்பி நான் மறுபடி அங்கே போவது?"

அன்று அவளுக்குத் தக்க விடை கூற நம்மால் இயலவில்லை. செபிப்போம் என்று சொல்லி அனுப்பினோம். அந்தக் கேள்வி நம்மையும் விடவில்லை. ஆதலின் இத்திங்கள் அதைப் பற்றியே உங்களோடு உரையாட விழைகிறோம்.

முதலில் அந்தச் சேவை எவ்வாறு பிறந்தது என்பதை அறிவது நன்று. 1948ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள் பிரித்தானியாவில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கப் பெற்றது. அதனை உருவாக்கிய சுகாதார அமைச்சர் அனைரின் பெவன், வேல்ஸ் நாட்டின் ட்ரெடீகர் என்னும் சுரங்க ஊரைச் சேர்ந்தவர். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கியவர். அவருடைய தந்தையும் சுரங்கத் தொழிலாளியே; கரித்தூசியால் நுரையீரல் கெட்டு 1925இல் இறந்தார். அந்த ஊரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஒரு சிறு பங்கைப் பொதுநிதியில் சேர்த்து, அதனைக் கொண்டு மருத்துவரையும் மருத்துவமனையையும் நடத்தி வந்தனர். அந்தச் சிற்றூர் முறையை நாடு முழுவதற்கும் விரித்ததே பெவனின் பெரும்பணி எனலாம். நோயுற்றவன் கையில் காசு உண்டா என்று கேளாமல், அவனுக்குத் தேவை உண்டா என்று மட்டுமே கேட்பது அதன் அடிப்படை. செலவை அனைவரும் பெரும்பாலும் வரியாகச் செலுத்துவர்.

அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது? 1911ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் குறைந்த கூலி பெற்ற தொழிலாளிக்கு மருத்துவரை அளித்தது. அவன் மனைவிக்கும் மக்களுக்கும் அளிக்கவில்லை. எனவே தாய்மார் தங்கள் நோயை மறைத்தே வாழ்ந்தனர். 1948இல் கதவு திறந்ததும், ஆண்டுக்கணக்காக வெளியே சொல்லாமல் வைத்திருந்த பிணிகளுடன் பெண்கள் வந்து நின்றதை அந்நாளைய மருத்துவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். முதல் ஆண்டிலேயே ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. அதுவரை எத்தனை பேர் மங்கிய கண்ணோடு காலந்தள்ளினர் என்பதை எண்ணிப் பாருங்கள்! செலவு மதிப்பிட்டதைவிடப் பெருகவே, 1951இல் கண்ணாடிக்கும் பல்வரிசைக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தது. அதை ஏற்க மாட்டாமல் பெவன் தம் அமைச்சர் பதவியைத் துறந்தார். இலவச மருத்துவம் என்பதை அவர் அத்தனை உயிராக மதித்தார்.

நம் மக்களுக்கும் இச்சேவையுடன் தொடர்பு உண்டு. அதன் தொடக்கப் பத்தாண்டுகளிலிருந்தே இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற மருத்துவர்கள் அதன் தூண்களாய் நின்றனர். நம் பங்குகளிலிருந்து சென்ற செவிலியரும் இன்று அங்கே உழைக்கின்றனர். நம்மிடம் கேள்வி கேட்ட மகளும் அவர்களுள் ஒருத்தி.

நிற்க. மக்களின் மனநிறைவை எவ்வாறு அளக்கின்றனர்? பிரித்தானிய மக்களின் மனப்பாங்கை அறியும் ஆய்வு ஒன்று 1983ஆம் ஆண்டு தொடங்கியது. சுகாதாரச் சேவை நடைபெறும் விதம் குறித்து உங்களுக்கு எந்த அளவிற்கு மனநிறைவு என்ற கேள்வி அதில் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டு வருகிறது. 1983இல் நூற்றுக்கு 55 பேர் மனநிறைவு என்றனர். 1997இல் அது 34 ஆகத் தாழ்ந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அரசு சுகாதாரத்திற்கான செலவைப் பெருமளவு உயர்த்தியது, காத்திருக்கும் காலத்திற்கு வரம்புகள் வகுத்தது, வரிசைகள் குறுகின. 2010இல் மனநிறைவு 70 விழுக்காட்டை எட்டியது. அதுவே அவ்வாய்வு கண்ட உச்சம். அதன்பின் வந்த பத்தாண்டில் செலவின் வளர்ச்சி வெகுவாகச் சுருங்கியது. 2019இல் 60 விழுக்காடாக இருந்த மனநிறைவு, 2022இல் 29, 2023இல் 24, 2024இல் 21 என்று இறங்கிற்று. அவ்வாறு இறங்கிய எண்ணே அம்மகள் நாளிதழில் படித்தது.

இந்த ஏற்ற இறக்கத்திற்குக் காரணம் யாது? முதற்காரணம் காத்திருத்தல். குறை கூறியவர்களை ஏன் என்று கேட்டபோது, 2023இல் அவர்களுள் நூற்றுக்கு 71 பேர், மருத்துவரைக் காணவும் மருத்துவமனையில் இடம் பெறவும் காத்திருக்க வேண்டிய காலத்தையே காட்டினர். அடுத்து ஊழியர் பற்றாக்குறையையும், அரசு போதிய பணம் செலவிடாமையையும் கூறினர். இது வெறும் பொறுமையின்மை அன்று. இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருவோருள் நூற்றுக்கு 95 பேரை நான்கு மணி நேரத்திற்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்பது விதி. 2015 சூலைக்குப் பின்னான ஆண்டுகளில் நாடு முழுவதற்குமான கணக்கில் அது நிறைவேறாமலே போயிற்று. திட்டமிட்ட சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2023ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 77 இலட்சத்தைத் தொட்டது. இடுப்பெலும்பு தேய்ந்து, படியேற இயலாமல், அறுவை நாளை எதிர்நோக்கி மாதக்கணக்காய் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பட்டியல் வெறும் எண் அன்று. அவருடைய ஒவ்வோர் இரவும் ஆகும்.

காத்திருத்தலிலும் ஒரு நுட்பம் உண்டு. வரிசையில் நிற்போரின் மனத்தைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்னும் அறிஞர் 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். காரணம் தெரியாமல் காத்திருக்கும் நேரம், காரணம் தெரிந்து காத்திருக்கும் நேரத்தைவிட நீண்டதாகத் தோன்றும் என்றும், எப்போது முடியும் என்று அறியாத காத்திருப்பும், அச்சத்தோடு கூடிய காத்திருப்பும் மேலும் நீண்டதாகத் தோன்றும் என்றும் அவர் விளக்கினார். மருத்துவமனையின் பெஞ்சில் இம்மூன்றும் ஒன்றாய் வந்து அமர்கின்றன அன்றோ? "இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் ஐயா, உள்ளே ஒரு விபத்துக் கேஸ் வந்திருக்கிறது" என்று ஒருவர் வெளியே வந்து சொன்னால், கடிகாரம் மாறுவதில்லை, காத்திருப்பவர் மனம் மாறுகிறது.

இரண்டாவது காரணம் காதில் விழும் செய்தி. 2010இல் 70 ஆக இருந்த மனநிறைவு அடுத்த ஆண்டே 58 ஆக விழுந்தது. ஓராண்டில் மருத்துவமனைகளா அத்தனை கெட்டுப்போயின? இல்லை. காத்திருக்கும் காலமும் பெரிதாக மாறிவிடவில்லை. புதிதாய் வந்த அரசு, சேவையைத் திருத்தியமைக்கும் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்திருந்தது. செலவைச் சிக்கனப்படுத்தும் பேச்சும் எங்கும் நிறைந்திருந்தது. எதிர்காலம் என்னாகுமோ என்ற கவலையே மக்களின் விடையில் கலந்துவிட்டது என்று ஆய்வாளர் கருதினர். தாம் ஆதரிக்கும் கட்சி ஆட்சியில் இருந்தால் சிறிது கூடுதலாகவும், எதிர்க்கட்சி ஆண்டால் சிறிது குறைவாகவும் மனநிறைவு தெரிவிக்கும் போக்கும் பல ஆண்டுகள் காணப்பட்டது. ஆக, மக்கள் மருத்துவத்தை மதிப்பிடும்போது தங்கள் நோயை மட்டுமன்றி, நாட்டையும் அரசையும் நாளைய நாளையும் சேர்த்தே மதிப்பிடுகின்றனர்.

மூன்றாவது, யாரைக் கேட்கிறோம் என்பது. அண்மையில் மருத்துவமனையில் தங்கித் திரும்பியவர்கள், அந்தப் பக்கமே போகாதவர்களைவிட வார்டுகளின் சேவையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டிருப்பதை இவ்வாய்வுகள் பல ஆண்டுகள் காட்டியுள்ளன. முதியோர் இளையோரைவிட மனநிறைவு கொண்டிருப்பதும் வழக்கம். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்குச் செய்தித்தாள் தெரிகிறது. படுக்கையில் கிடப்பவனுக்குத் தண்ணீர் கொடுத்த கை தெரிகிறது.

இப்போது அம்மகளின் கேள்விக்கு அருகில் வந்துவிட்டோம். 2024ஆம் ஆண்டின் அதே ஆய்வில் மற்றொரு கேள்வியும் கேட்கப்பட்டது. அது சேவை முழுவதையும் பற்றியதன்று. அளிக்கப்படும் மருத்துவத்தின் தரத்தைப் பற்றியது. அதற்கு நூற்றுக்கு 51 பேர் மனநிறைவு என்றனர். ஒரே ஆண்டு, ஒரே ஆய்வு. முழுச் சேவைக்கு 21, மருத்துவத்தின் தரத்திற்கு 51. மேலும் ஒன்று: தேவையின்போது காசின்றி மருத்துவம் கிடைக்க வேண்டும் என்ற அடிப்படைக் கொள்கை இன்றும் பொருந்தும் என்று ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கூறினர். அவர்கள் வீட்டை வெறுக்கவில்லை. கூரை ஒழுகுகிறது என்கிறார்கள். ஒழுகும் கூரையைக் காட்டுபவனை நோக்கி, "உனக்கு இந்த வீடே வேண்டாமா?" என்று கேட்பது நியாயமாகுமா?

2020ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் தொடங்கி, பத்து வியாழக்கிழமைகள் பிரித்தானிய மக்கள் இரவு எட்டு மணிக்குத் தம் வீட்டு வாசலில் நின்று செவிலியருக்கும் மருத்துவருக்கும் கைதட்டினர். கொள்ளை நோயின் நடுவே உயிரைப் பணயம் வைத்தோருக்கு அது நன்றி. ஆனால் அடுத்த ஆண்டு ஆய்வில் மனநிறைவு 53இலிருந்து 36 விழுக்காட்டிற்கு இறங்கிற்று. கைதட்டிய அதே மக்கள்தாம் குறையும் சொன்னார்கள். நன்றி மனிதருக்கு, குறை அம்மனிதரைத் தனியே தவிக்கவிட்ட ஏற்பாட்டிற்கு.

இனி, நன்றி சொன்ன முதியவரைப் பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது முழு உண்மையும் அன்று. இதனை நம் சொந்த அனுபவத்தாலேயே அறிவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஓர் அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்தோம். காலையில் மருத்துவர்கள் கூட்டமாய் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, நம் வயிற்றைப் பற்றியும் நம் வயதைப் பற்றியும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டனர். நம் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இரவெல்லாம் வலி. மணியை அழுத்தக் கை சென்றது. ஆயினும் அந்த ஒற்றைச் செவிலி நாற்பது பேரிடம் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டோம். விடுதலையாகும் நாளில் ஒருவர் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "எல்லாம் திருப்திதானே ஃபாதர்?" என்று கேட்டார். "மிகவும் திருப்தி" என்று கையொப்பமிட்டோம்! ஏன் அப்படிச் செய்தோம்? அந்தச் செவிலிக்குத் தீங்கு வரக்கூடாது என்று எண்ணினோம். குறை கூறும் சாமியார் என்று பெயர் வாங்க நாணினோம். வீடு திரும்பினால் போதும் என்றும் இருந்தது.

நம்மைப் போன்றோர் பலர் என்பதை 1998இல் பிரித்தானிய ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். மனநிறைவு என்று விடையளித்த நோயாளரோடு அமர்ந்து விரிவாய்ப் பேசியபோது, கசப்பான நிகழ்ச்சிகள் பல வெளிவந்தன. ஆயினும் அவர்கள் இரண்டு கேள்விகளைத் தமக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தனர். "இது இவர்கள் கடமைதானா? கடமையே ஆனாலும், இது இவர்கள் குற்றமா?" ஆள் பற்றாது, நேரம் பற்றாது, அவர்கள்தாம் என்ன செய்வார்கள் என்று மன்னித்துவிட்டு, மனநிறைவு என்று எழுதிக் கொடுத்தனர். எளியவரின் பெருந்தன்மை அது. ஆனால் அந்தப் பெருந்தன்மையால் குறை மறைந்து போகிறது. அடுத்த நோயாளியும் அதே நடைவழியில் கிடக்கிறார்.

இதனை உணர்ந்தே, இங்கிலாந்தில் 2002 முதல் நடைபெறும் உள்நோயாளர் ஆய்வுகளில் கேள்வியின் வடிவத்தை மாற்றியமைத்தனர். திருப்தியா என்று பொதுவாய்க் கேளாமல், நடந்ததைக் கேட்டனர். நீங்கள் அங்கே இல்லாதது போல மருத்துவர்கள் உங்கள் முன்னிலையிலேயே பேசிக்கொண்டனரா? இரவில் இரைச்சலால் தூக்கம் கெட்டதா? உண்பதற்கு உதவி தேவைப்பட்டபோது கிடைத்ததா? இவ்வாறு கேட்டால் யாரையும் குற்றஞ்சாட்டாமலே உண்மையைச் சொல்லலாம். நம் கையில் அன்று அத்தகைய படிவம் தரப்பட்டிருந்தால், நாமும் உண்மையைச் சொல்லியிருப்போம் என்றே நம்புகிறோம்.

நோயாளியின் சொல்லைக் கேளாவிடின் என்ன நேரும் என்பதற்கு ஸ்டாஃபோர்டு மருத்துவமனை சாட்சி. 2005ஆம் ஆண்டுக்கும் 2009ஆம் ஆண்டுக்கும் இடையே அங்கே நோயாளர் பலர் கேட்பாரின்றிக் கிடந்தனர். அழைப்பு மணிக்குப் பதில் இல்லை. உணவுத் தட்டு கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது. அழுக்கான விரிப்பிலேயே முதியோர் நெடுநேரம் விடப்பட்டனர். தாகத்திற்குத் தண்ணீரும் கிடைக்கவில்லை. குடும்பத்தார் முறையிட்டனர்; நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தைச் சரிக்கட்டுவதிலும், உயர்நிலைத் தகுதியைப் பெறுவதிலும் அது முனைந்திருந்தது. அந்தத் தகுதியும் 2008இல் அதற்கு வழங்கப்பட்டது! தாயை இழந்த பெண் ஒருவர் முன்னின்று, மற்றக் குடும்பங்களைத் திரட்டி, ஓயாமல் போராடிய பின்னரே உண்மை வெளிவந்தது. இராபர்ட் ஃபிரான்சிஸ் என்னும் சட்ட வல்லுநர் தலைமையில் நடந்த பொது விசாரணை, 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளை அளித்தது. ஏட்டில் எல்லாம் செவ்வையாகத் தோன்றிய இடத்தில்தான் மனிதர் தண்ணீருக்குத் தவித்தனர் என்பதை மறவாதிருப்போம்.

இதற்கு நேர்மாறாக, சிறு செயல் ஒன்று எத்துணைப் பயன் தரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கேட் கிரேஞ்சர் என்பவர் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் முதியோர் மருத்துவம் பார்த்த இளம் மருத்துவர். 2011இல், இருபத்தொன்பது வயதில், அவரைத் தீராத புற்றுநோய் பற்றியது. 2013 ஆகஸ்டில் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். தம்மிடம் வந்த பலர் தம் பெயரைக் கூடச் சொல்லாமலே சிகிச்சை செய்தனர். தம் எலும்பையும் இரத்தத்தையும் அறிந்தவர்கள், தம்மோடு மனிதராய் அறிமுகமாகவில்லையே என்று அவர் வருந்தினார். வருந்தியதோடு நில்லாமல், நோயாளியிடம் செல்வோர் யாவரும் முதலில் வணக்கம் கூறித் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற இயக்கத்தைத் தம் கணவருடன் சேர்ந்து தொடங்கினார். மருத்துவமனை மருத்துவமனையாக அது பரவிற்று. ஊழியர்கள் பெயர்ச் சட்டையில் அதைப் பொறித்துக்கொண்டனர். 2016 சூலை 23ஆம் நாள், முப்பத்துநான்கு வயதில் அவர் காலமானார். அந்த இயக்கத்திற்குப் பெரும்பணம் தேவைப்படவில்லை; கருவிகள் தேவைப்படவில்லை. ஒரு பெயரைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. இன்சொல் படுக்கைக்கு ஈடாகாது. பெயர் சொல்லிச் சிரித்த முகத்தோடு ஒருவரைப் பதினாறு மணி நேரம் நடைவழியில் கிடத்துவது முறையாகிவிடாது. செவிலியின் அன்பைக் காட்டி ஆட்சியாளர் தம் கடமையிலிருந்து தப்பிக்கக் கூடாது. அவ்வாறே, ஏற்பாட்டின் குறையைக் காட்டி ஊழியர் தம் கனிவை விட்டுவிடவும் கூடாது. இரண்டும் வேண்டும். 1997இன் தாழ்விலிருந்து 2010இன் உச்சத்திற்கு அந்நாடு ஏறியது, செவிலியர் திடீரென நல்லவர்களாகிவிட்டதால் அன்று. பணமும் ஆளும் ஒழுங்கும் சேர்ந்ததால் வரிசை குறுகியது. கெட்டது திருத்தப்படக் கூடியதே என்பதற்கு அது சான்று.

ஆகவே அம்மகளுக்கு நாம் எழுதிய கடிதத்தில் இவ்வாறு குறிப்பிட்டோம்: "மகளே, இருவருமே உண்மை சொன்னார்கள். முதியவர் உன்னைப் பற்றிச் சொன்னார். மற்றவர்கள் நடைவழியைப் பற்றிச் சொன்னார்கள். அவர் நன்றியை ஏற்றுக்கொள். அது உனக்கு உரியது. அவர்கள் குறையை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. அது உனக்கு உரியதன்று. ஆனால் அந்த இரவில் நீ கண்டதை உன் மேலதிகாரிகளிடம் நாளும் நேரமும் குறித்து எழுதிக் கொடு. முதியவர் மன்னித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்காகப் பேச அங்கே உன்னைத் தவிர யாரும் இல்லை."

அன்புக் குடும்பத்தாரே, கடல் கடந்த நாட்டின் கதை நமக்கு எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். நம் வீடுகளிலும் நோயாளர் இருக்கின்றனர். நம் பிள்ளைகள் மருத்துவமனைகளில் வேலை செய்கின்றனர். நோயாளரைச் சந்திக்கச் செல்லும்போது, "எல்லாம் சௌகரியம்தானே?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியிலேயே அவர் சொல்ல வேண்டிய விடையையும் வைத்துவிடுகிறோம். அவரும் நம் மனம் கோணாமல், "சௌகரியம்தான்" என்கிறார். அதற்குப் பதிலாக, "இரவு தூங்கினீர்களா? சாப்பிட்டீர்களா? மருத்துவர் என்ன சொன்னார், புரிந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். எரிகோ சாலையோரத்தில் இருந்த பார்வையற்றவரின் குறை யாவருக்கும் கண்கூடாய்த் தெரிந்தது. எனினும் அவருக்கு என்ன வேண்டும் என்பதை ஆண்டவர் அவர் வாயாலேயே கேட்டறிந்தார். கேட்பதே குணமாக்குதலின் தொடக்கம்.

மருத்துவத் துறையில் பணி செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கட்டிலருகே சென்றதும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். தாமதம் ஆகுமெனில் ஏன் என்று சொல்லுங்கள். நோயாளியின் முன் நின்று அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால், அவரையும் அப்பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பெற்றுத் திரும்புவோரே, நன்றி சொல்ல வேண்டியவரைத் தேடிப் போய் நன்றி சொல்லுங்கள். குறையையும் மறைக்காமல், யாரையும் பழிக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்தக் கட்டிலில் படுக்கப் போகிறவருக்கு நீங்கள் செய்யும் தருமம் அது.

அம்மகளிடமிருந்து சென்ற வாரம் பதில் வந்தது. நான்கே வரிகள். விடுமுறை முடிந்து இரவுப் பணிக்குத் திரும்பிவிட்டாளாம். நடைவழியில் இன்னும் ஸ்ட்ரெச்சர்கள் நிற்கின்றனவாம். தான் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், தன்னோடு இன்னும் இருவர் சேர்ந்து கையொப்பமிட்டதாகவும் தெரிவித்திருந்தாள்.

அவர்கள் எழுதியது படிக்கப்பட வேண்டும் என்பதே நம் மன்றாட்டு.